ஏழு ராத்தல் ஸ்பிரிங்

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஹஸ்ஸான் குடியிருக்கிறார். வயது நாற்பத்தொன்று. லான்மடாவ் கடைத்தெருவில் தையல் மெஷின் பழுது பார்ப்பது தொழில். கல்யாணம் ஆகவில்லை. தாயார் மதீனா பீவியும் தங்கை ரிஹானாவும் அவரோடு இருக்கிறார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பதினேழு வயது வித்தியாசம். தகப்பனார் மௌத்தானபோது ரிஹானாவுக்கு நாலு வயது. அதிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதும், காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவள் 'காக்கா' என்று கூப்பிடும் இந்த அண்ணன்தான்.

சோதித்துப் பார்க்காத எதையும் அவர் நம்பமாட்டார். குடை வாங்கப் போனால் கடைக்காரன் முகம் சுளிக்கும்வரை திறந்து திறந்து மூடுவார். "இவனுக்குப் பொண்ணு பாக்காம இருந்ததே நல்லதாப் போச்சு. அதையும் இருவது தடவ தொறந்து மூடிப் பாப்பான்" என்று மதீனா பீவி பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ரிஹானா கைத்துப்பாக்கி சுடுகிறவள். ராணுவ ஆட்சி நடக்கும் இந்த ஊரில் இன்றைக்கு அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். இது விளையாட்டு. இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கு, சின்னத் தோட்டா. துப்பாக்கி கிளப்பின் இரும்பு அலமாரியை விட்டு வெளியே வராது. கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டினார்கள். அன்று பிடித்துக்கொண்டது. அவளை அழைத்துவரப் போன ஹஸ்ஸான், அங்கே ஒரு பிஸ்டல் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "ஸ்பிரிங் தளந்து போச்சு" என்று சொன்னார். பயிற்சியாளர் ஊ தெய்ன் ஹான் அவரை விடவில்லை. எட்டு வருடமாகக் கிளப்பின் துப்பாக்கிகளுக்கு ஸ்பிரிங் பார்ப்பது ஹஸ்ஸானின் இரண்டாவது வேலை. சம்பளம் கிடையாது. தங்கை சுடுகிறாள், அது போதும் அவருக்கு.

இந்த வருடம் தேசிய அணிக்குப் பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. ஒரே ஒரு இடம். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஆறாம் நாள் தேர்வு. ரிஹானா பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவளோடு படித்தவர்களில் பாதிப்பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். "எல்லாரும் ஏஜெண்ட் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு போறாங்க. எம் பேரச் சொல்லிக் கூப்புடணும், நான் நேர் வாசல் வழியாப் போகணும்" என்று அவள் சொல்வாள். அவளுக்கு அந்த இடம் என்னவென்று இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். குண்டு வெடித்ததும் பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் ஓடும். ஓடும்போது காலிக் கூட்டை வெளியே எறியும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும். தள்ளும்போது அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிக்கொண்டு மூடும். ஸ்பிரிங் அதிக பலமாக இருந்தால் மேல்பாகம் முழுதாகப் பின்னால் போகாது, காலிக் கூடு நடுவிலே சிக்கிக்கொள்ளும். பலம் குறைந்தால் பின்னால் போய் மோதிவிட்டு, திரும்பும்போது சோம்பலாக வரும். அடுத்த தோட்டாவை முழுதாக ஏற்றாமல் பாதியில் நிற்கும். பலத்தை ராத்தலில், அதாவது பவுண்டில் சொல்வார்கள். மேல்பாகம் கடைசிவரை பின்னால் போகும்போது ஸ்பிரிங் எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதுதான் அந்த ராத்தல்.

எப்போதோ பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பை ஸ்பிரிங் கிளப்பில் இருந்தது. இனி வராது. பழைய ஸ்பிரிங் என்பதால் உறையில் போட்டிருக்கும் எண்ணை நம்ப முடியாது. ஹஸ்ஸான் தன் கடையில் துளைபோடும் மெஷினுக்குக் கீழே தட்டுத் தராசை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, கைப்பிடியை மெல்ல இறக்கி அழுத்துவார். வேண்டிய நீளத்துக்கு வந்ததும் தராசைப் படிப்பார். பஸ்ஸில் பையைச் சோதிப்பார்கள் என்பதால் எதிலும் எண் எழுதமாட்டார். தையல் நூலைச் சுற்றிவைப்பார். ஏழு ராத்தலுக்குச் சிவப்பு, எட்டுக்கு மஞ்சள், ஒன்பதுக்கு நீலம். ஒருதடவை பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திய சிப்பாய் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தான். "தையல் மெஷினுக்கு" என்றார் ஹஸ்ஸான். அன்று வேர்த்துச் சட்டை முழுக்க நனைந்துதான் வீடு வந்தார்.

நோன்பு பிறந்த அதே வாரத்தில் கிளப்பில் தோட்டா மாறியது. பழைய பெட்டிகள் தீர்ந்து போயின. புதிதாக வந்தது மெழுகு அதிகம், வேகம் குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். ரிஹானா மருந்துக் கடையிலிருந்து நேராக வந்து மாலை நாலு மணிக்குச் சுடுவாள். நீல நூல் ஸ்பிரிங், ஒன்பது ராத்தல், அதுவரை நன்றாக ஓடியது. அந்த வாரம் ஐம்பது குண்டுக்கு நாலு முறை காலிக் கூடு சிக்கியது.

"தோட்டாவுக்குத் தள்ளப் பலமில்ல. ஸ்பிரிங்கக் கொறைக்கணும்" என்றார் ஹஸ்ஸான்.

எட்டுப் போட்டார். இரண்டு முறை சிக்கியது. ஏழு போட்டார். ஒன்றும் சிக்கவில்லை. இருபது மாலைகள் சோதித்தார். ஒவ்வொரு நாளும் எத்தனை குண்டு, எத்தனை அடைப்பு, காலிக் கூடுகள் எவ்வளவு தூரத்தில் விழுந்தன என்று கணக்கெடுத்தார். சிவப்பு நூல்தான் என்று முடிவானது. அவ்வளவு நிச்சயமாக அவர் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை.

பெருநாள் வந்தது. நாலாம் நாள் காலையில் பயிற்சிக்குப் போனார்கள். ரிஹானா சுட்டாள். காலிக் கூடுகள் வழக்கமான இடத்தில் விழாமல் பக்கத்துத் தடுப்பைத் தாண்டிப் பறந்தன. ஒன்று ஊ தெய்ன் ஹானின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பெட்டியில் மேல்பாகம் இரண்டு முறை பாதியில் நின்றது. மெழுகுப் பிசுக்கு என்று நினைத்து ஹஸ்ஸான் துடைத்துக் கொடுத்தார். துடைத்த பிறகும் ஒருமுறை நின்றது. அதற்குள் பயிற்சி நேரம் முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மதீனா பீவி எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை நகர்த்தினார். ரிஹானா அதை எடுத்து ஒரே திருகில் திறந்தாள்.

"பாத்தியா இவள!" என்றார் மதீனா பீவி. "நோன்பு முப்பது நாளும் 'காக்கா, தொறந்து குடு'ன்னு நீட்டுனாளே. ரெண்டு வேளை கறிச்சோறு உள்ள போனதும் பயில்வானாயிட்டா."

ஹஸ்ஸான் சோற்றில் கைவைத்தபடி அப்படியே இருந்தார்.

"என்ன காக்கா?"

"கையக் குடு. பிஸ்டல் புடிக்கிற மாதிரி எங்கையப் புடி."

அவள் இடது கையால் அவர் இடது கையைப் பிடித்தாள். "அமுக்கு" என்றார். அமுக்கினாள். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"தோட்டா இல்ல புள்ளே" என்றார். "நோன்புல உன் மணிக்கட்டு தளந்து இருந்துச்சு. குண்டு வெடிச்சா மேல்பாகம் மட்டும் பின்னால போகணும். நீ தளர்வாப் புடிச்சா பிஸ்டலே சேந்து பின்னால வருது. மேல்பாகம் முழுசா ஓடல. அதான் சிக்குச்சு. நான் தோட்டாவுல பழியப் போட்டு ஸ்பிரிங்கக் கொறச்சுட்டேன்."

"அப்ப ஏழு?"

"ஏழு உன் பசிக்குத்தான் சரி. உனக்குச் சரியில்ல."

இதை அவர் எப்படிக் காணாமல் விட்டார் என்று பலர் கேட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அவரும் நோன்பு, தாயாரும் நோன்பு, தெருவில் பாதியும் நோன்பு. ஸ்பிரிங்கை மாற்ற அவருக்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. எல்லோருக்கும் ஒரே பசி இருக்கும்போது அதை யார் எடுத்துக் கணக்கில் எழுதுவார்கள்? தோட்டா மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. கை மாறியது தெரியவில்லை.

மறுநாள் ஒன்பதைப் போட்டுப் பார்க்கலாம் என்று விடிந்ததும் கிளம்பினார்கள். கிளப் வாசலில் பூட்டு. அன்று முழுதும் மூடச் சொல்லி உத்தரவாம். ஏன் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவன் ஆசைப்படவும் இல்லை. அதற்கு மறுநாள் தேர்வு.

வீட்டுக்கு வந்ததும் ரிஹானா சொன்னாள்: "நீலத்தப் போட்டுடு காக்கா. முன்ன அதுலதானே சுட்டேன்."

"அது பழைய தோட்டா. புதுத் தோட்டாவுல நீ வயிறு நெறஞ்சு ஒன்பதுல சுட்டதே இல்ல. எனக்கு என்ன தெரியும்?"

"எட்டு?"

"எட்டும் அப்படித்தான். சோதிக்காதத வச்சு உன்ன அனுப்ப மாட்டேன்."

"ஏழு பாதியில நிக்குது. எட்டும் ஒன்பதும் சோதிக்கல. அப்ப என்னதான் செய்யச் சொல்றே?" ரிஹானா சிரித்தாள். "ஸ்பிரிங்க மாத்த முடியாதுன்னா கைய மாத்த வேண்டியதுதான். ஆறு நோன்பு வைக்கணும்ல, நாளைக்கே மொதல் நோன்ப வச்சுர்றேன். உன் சிவப்பு நூலுக்கு ஏத்த கை வந்துரும்."

பெருநாளுக்குப் பிறகு அந்த மாதத்துக்குள் ஆறு நோன்பு வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். கட்டாயம் இல்லை, எந்த நாளிலும் வைக்கலாம். மதீனா பீவி உள்ளேயிருந்து, "நல்ல காரியந்தான், அதப் போட்டி அன்னிக்கா வைப்பாங்க? தம்பி, நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்றார்.

ஹஸ்ஸான் சொல்லவில்லை. இருபது மாலை சோதித்த ஒன்று அவரிடம் இருந்தது. அதை எறிந்துவிட்டுச் சோதிக்காத ஒன்றைப் பிடித்துக்கொள்ள அவரால் முடியவில்லை. "விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பு உம்மா" என்று ரிஹானா சொன்னபோதும் அவர் ஸ்பிரிங் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு காலை ஒன்பது மணிக்கு. துப்பாக்கிகளைப் பரிசோதித்து சீல் ஒட்டினார்கள். அதன் பிறகு திறக்கக்கூடாது. முதல் பாதி முப்பது குண்டு, சுற்றுக்கு ஐந்தாக நிதானமாகச் சுடலாம். இரண்டாம் பாதி முப்பது குண்டு, இலக்கு திரும்பி மூன்று வினாடி முகம் காட்டும், அதற்குள் ஒரு குண்டு. ஒவ்வொரு பாதியிலும் ஒருமுறை அடைத்தால் மன்னிப்பு. இன்னொரு முறை அடைத்தால் அந்தச் சுற்றில் சுடாத குண்டெல்லாம் பூஜ்யம்.

பன்னிரண்டாவது குண்டுக்கு மேல்பாகம் பாதியில் நின்றது. ரிஹானா கையைத் தூக்கினாள். மன்னிப்பு அங்கேயே போய்விட்டது. பின்வரிசை பெஞ்சில் இருந்த ஹஸ்ஸானுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய கணக்கெல்லாம் மாலை நாலு மணிக்கு எடுத்தது. சஹர் சாப்பிட்ட கை காலை ஒன்பதரைக்கு இன்னும் தளரவில்லை. நோன்பு வைத்தும் பயனில்லாமல் போனது. மீதிப் பதினெட்டுக் குண்டையும் அவர் மூச்சை எண்ணியபடி கேட்டார். நல்லவேளை, மறுபடி நிற்கவில்லை. முதல் பாதியில் ரிஹானாவுக்கு 283. அவளுக்கு அடுத்து வந்த மா தீரி என்ற பெண்ணுக்கு 280.

இரண்டாம் பாதி தொடங்கும் முன் மின்சாரம் போனது. இலக்குகள் திரும்பாது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் போனது. வெயில் ஏறியது. மா தீரி நிழலில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் மொஹிங்கா நூடுல்ஸும் பிறகு ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டாள். ரிஹானா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

ஊ தெய்ன் ஹான் ஒரு தண்ணீர் போத்தலோடு வந்து, "நோன்பா? இன்றைக்கா? கோ ஹஸ்ஸான், இது என்ன வேலை? குடிக்கச் சொல்லுங்கள்" என்று பர்மியில் சொன்னார்.

கடமையில்லாத நோன்பை இடையில் விட்டால் குற்றமில்லை. ஹஸ்ஸானுக்கு அது தெரியும். போத்தலை வாங்கினார். பக்கத்தில் வைத்துக்கொண்டார். மணி ஒன்று ஆனது, இரண்டு ஆனது. நாலு மணியை நெருங்க நெருங்கத் தனக்கு நிம்மதிதான் வந்தது என்று ஹஸ்ஸானே பிறகு என்னிடம் சொன்னார். அந்தக் கை இப்போது ஸ்பிரிங்குக்குப் பொருந்திவரும் என்று நினைத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றரைக்கு இலக்குகள் திரும்பத் தொடங்கின. துப்பாக்கி அருமையாக ஓடியது. காலிக் கூடுகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குள் விழுந்தன. முப்பது குண்டில் ஒன்றுகூட அடைக்கவில்லை. ஹஸ்ஸான் கூடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கைப் பார்க்கவில்லை. கடைசி இரண்டு சுற்றிலும் ரிஹானாவின் கை ஏறி நிற்க முடியாமல் இறங்கியது. குண்டுகள் நடுவுக்குக் கீழே, ஏழிலும் எட்டிலும் சரிந்தன.

ரிஹானா 264. மா தீரி 271. மொத்தத்தில் நாலு புள்ளி குறைவு.

மா தீரியைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஊ தெய்ன் ஹான் ஹஸ்ஸானைத் தனியாக அழைத்துத் தன் பேரேட்டைக் காட்டினார். நோன்புக்கு முன்பு ரிஹானாவின் மொத்தப் புள்ளிகள்: 561, 558, 563. நோன்பு மாதத்தில்: 549, 545, 548. அன்றைக்கு 547.

"தினமும் வந்து எத்தனை அடைப்பு என்று எழுதிக்கொண்டு போனீர்கள்" என்றார் அவர். "ஒருநாளாவது எத்தனை புள்ளி என்று என்னைக் கேட்டீர்களா?"

"கேட்கவில்லை ஸயா."

"ஒன்பதைப் போட்டு, பாதிக்கு ஒன்றாக இரண்டு முறை அடைத்திருந்தால்கூட இந்த இடம் அவளுக்குத்தான்" என்று சொல்லிப் பேரேட்டை மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ரிஹானாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹஸ்ஸான் கம்பியைப் பிடித்து நின்றார். பாதி வழியில் சூரியன் மறைந்து மஃரிப் நேரம் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழத்தையும் அந்தத் தண்ணீர் போத்தலையும் நீட்டினார். அவள் நோன்பு திறந்தாள். கொட்டையைத் துப்பிக் கைக்குள் மூடிக்கொண்டு சொன்னாள்:

"நேத்து நான் சும்மா சொன்னேன் காக்கா. நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

"திட்டியிருக்கணும்."

"மத்தியானம் போத்தலோட வந்து ஒக்காந்தியே, அப்பவும் நீ 'குடி'ன்னு சொல்வேன்னு பாத்தேன்."

பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், அவள் பக்கத்தில் ஒரு இடம் காலியானது. அவர் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் ரிஹானா மருந்துக் கடைக்குக் கிளம்புமுன் இட்லி தின்றுகொண்டிருந்தாள். மதீனா பீவிக்கு மகள் தோற்ற வருத்தம் ஒரு பக்கம். ஒரு நோன்பாவது வைத்தாளே என்ற ஆறுதல் ஒரு பக்கம்.

"இன்னிக்கு வைக்கலயா? சரி, ஒடம்பு தேறட்டும். இன்னும் அஞ்சுதானே இருக்கு, மாசத்துக்குள்ள வச்சுரலாம்" என்றார்.

"ஆறும் அப்படியே இருக்கு உம்மா" என்றாள் ரிஹானா. "நேத்து வச்சது அல்லாஹ்வுக்கு இல்ல. ஸ்பிரிங்குக்கு."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஹஸ்ஸான் நிமிர்ந்தார். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவர் ஒரு செருப்போடு நின்றார்.